அத்தியாயம் 4: எம்பிப் பாய எந்தப் பயிற்சி?

ஸ்பிரிங்வெளி, பசறை, மடுல்சீமை, லுணுகலை என்று ஊவாவின் எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் மட்டமான நிலம் கிடைப்பது அரிது. கிரிக்கெட்டுக்கோ உதைபந்தாட்டத்துக்கோ ஒரு மலையையே வெட்டிச் சமப்படுத்த வேண்டும். கரப்பந்தாட்டத்துக்கு 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், சுற்றிவரக் கொஞ்சம் இடம் இருந்தால் போதும். 1916 இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக இலங்கைக்கு வந்து, 1991 இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட இந்த ஆட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெண்பிள்ளைகளின் வலைப்பந்தாட்டத்துக்கும் பெரிய மைதானம் தேவையில்லை. இரண்டு ஆட்டத்திலும் ஒருவர் எவ்வளவு உயரம் எம்புகிறார் என்பது பல புள்ளிகளைத் தீர்மானிக்கிறது. அதனால் எம்பலைக் கூட்டுவதற்கென்று பிள்ளைகள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் செய்கிறார்கள்: நூறு தோப்புக்கரணம், மலையேறி ஓடுதல், கயிறு தாண்டுதல், கணுக்காலில் பாரம் கட்டிக்கொண்டு நடத்தல். உழைப்பில் குறையில்லை. எந்த உழைப்பு எம்பலாக மாறும் என்று பார்த்துத் தெரிவு செய்வதில்தான் குறை இருக்கிறது. அந்தத் தெரிவை எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் எம்பல் என்றால் உடலில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதம் நிலத்தை விட்டுக் கிளம்பும் கணத்தில் உடலுக்கு எவ்வளவு வேகம் இருக்கிறதோ அதுதான் உயரத்தைத் தீர்மானிக்கிறது. நிலத்தை விட்ட பிறகு உயரத்தைக் கூட்ட எதுவும் செய்ய முடியாது. 40 சென்டிமீற்றர் எம்புகிறவர் செக்கனுக்கு 2.8 மீற்றர் வேகத்தில் கிளம்புகிறார். 50 சென்டிமீற்றர் எம்ப 3.13 மீற்றர் வேகம் வேண்டும். அந்த வேகத்தை உண்டாக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. முழங்காலை மடித்துத் தாழ்ந்த இடத்திலிருந்து பாதம் கிளம்பும் வரை ஏறத்தாழ 0.3 செக்கன்தான். ஒரு தசை தன் முழு வலிமையையும் எட்டுவதற்கு அதைவிடக் கூடுதலான நேரம் எடுக்கும். ஆகவே எந்தப் பயிற்சியைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது காலின் மொத்த வலிமையைக் கூட்டுகிறதா? இருக்கிற வலிமையை 0.3 செக்கனுக்குள் வெளிக்கொண்டுவரப் பழக்குகிறதா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பயிற்சி உடம்புக்கு வேறு நன்மை எதையாவது செய்யலாம், எம்பலுக்கு உதவாது.

இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதாது என்பதற்கு 1992 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல சான்று. அடம்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 48 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பாரம் சுமந்து குந்தி எழும்பும் பயிற்சியையும், இன்னொன்றுக்குத் துள்ளல் பயிற்சியையும், மூன்றாவதற்கு இரண்டையும் சேர்த்தும் கொடுத்தார்கள். நான்காவது குழு பயிற்சி எதுவும் செய்யவில்லை. ஆறு வாரத்தில் முதல் குழுவின் எம்பல் 3.3 சென்டிமீற்றரும், இரண்டாவதன் எம்பல் 3.8 சென்டிமீற்றரும் கூடின. இரண்டையும் செய்த குழுவுக்கு 10.7 சென்டிமீற்றர் கூடியது. ஆறே வாரத்தில் எல்லாருக்கும் பத்து சென்டிமீற்றர் கூடிவிடும் என்று இதை வைத்து நம்பிவிடக் கூடாது. அது சின்ன ஆய்வு. பல ஆய்வுகளைத் திரட்டி மார்க்கோவிச் 2007 இல் கணக்கிட்டபோது, துள்ளல் பயிற்சியால் மட்டும் கிடைத்த முன்னேற்றம், எம்பும் வகையைப் பொறுத்து, 4.7 முதல் 8.7 சதவீதம் வரைதான் இருந்தது. 40 சென்டிமீற்றர் எம்பும் ஒருவருக்கு அது இரண்டு முதல் மூன்றரை சென்டிமீற்றர். எட்டு வாரத்தில் ஓர் அடி கூட்டித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களுக்குக் காசு கொடுக்கும் முன் இந்த எண்ணை நினைத்துப் பாருங்கள். ஆனாலும் வலிமையும் வேகமும் சேரும்போது தனித்தனியாகச் செய்வதைவிடக் கூடுதல் பலன் உண்டு என்ற அந்த ஆய்வின் திசை சரியானது. ஏன் என்பதை நெதர்லாந்தின் பொபெர்ட்டும் வன் சூஸ்டும் 1994 இல் கணினி மாதிரி ஒன்றில் காட்டினார்கள். மாதிரி உடலின் தசைகளை மட்டும் வலுவாக்கி, அவை இயங்கும் ஒழுங்கை மாற்றாமல் விட்டபோது எம்பல் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. புதிய வலிமைக்கு ஏற்ப இயங்கும் ஒழுங்கையும் மாற்றிய பிறகே உயரம் கூடியது. பாரம் தூக்கும் காலத்திலும் எம்புவதை விடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

இங்கே நம் பக்கத்தில் அடிக்கடி எழும் மறுப்பு ஒன்று உண்டு: நாங்கள் பிறந்ததிலிருந்து மலை ஏறி இறங்குகிறோம், தண்ணீரும் விறகும் சுமக்கிறோம், எங்கள் காலுக்குத் தனியாக என்ன பயிற்சி வேண்டும்? நியாயமான கேள்விதான். நமுனுகுல மலைச்சரிவில் கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்க நிற்கும் கால்கள் உறுதியானவை என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த உறுதி வேறு வகை. நடக்கும்போது ஒரு கால் நிலத்தை அழுத்தும் விசை உடல் எடையைவிடச் சற்றுத்தான் கூடுதல், அதுவும் அரை செக்கனுக்கு மேல் பரவி வருகிறது. எம்பும்போது இரு காலும் சேர்ந்து அழுத்தும் விசை உடல் எடையின் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது, கண் இமைக்கும் நேரத்தில் வந்துபோகிறது. நடையால் களைப்பைத் தாங்கும் சக்தி வளர்கிறது, வெடித்துக் கிளம்பும் சக்தி வளர்வதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980 இல், நீடித்து ஓடும் பயிற்சியையும் வலிமைப் பயிற்சியையும் ஒன்றாகச் செய்தவர்களைப் பத்து வாரம் கவனித்தார். ஏறத்தாழ ஏழு வாரம் வரை வலிமை கூடியது, பிறகு நின்றது, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கவும் தொடங்கியது. பாடசாலைக்கு மலை இறங்கிப் போய், மாலை ஏறி வரும் பிள்ளையின் கால் ஏற்கெனவே ஒரு பயிற்சியை முடித்துவிட்டது. அதற்கு மேல் மலையேறி ஓடச் சொல்வது, இருப்பதையே இன்னும் கூட்டி, இல்லாததை இல்லாமலே விடுவது. அந்தப் பிள்ளைக்குத் தேவை குறைந்த எண்ணிக்கையில், கூடிய பாரத்தில், முழு ஓய்வோடு செய்யும் பயிற்சி.

நூறு தோப்புக்கரணத்துக்கும் இதே பதில்தான். நூறு தடவை செய்ய முடிகிறதென்றால் ஒவ்வொரு தடவையும் கால் தன் வலிமையில் சிறு பங்கைத்தான் செலவிடுகிறது. வலிமை வளர, ஐந்து முதல் எட்டுத் தடவைக்கு மேல் செய்ய முடியாத அளவுக்குப் பாரம் வேண்டும். ஜிம் இல்லாத இடத்தில் பாரத்துக்கு எங்கே போவது? ஒற்றைக் காலில் செய்தால் அந்தக் கேள்வி பாதி தீர்ந்துவிடும். காலியான உரச்சாக்கு ஒன்றை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஈரமில்லாத மணலை 20 கிலோ அளவுக்கு நிரப்பி, வாயை இறுகக் கட்டி, அதை இன்னொரு சாக்குக்குள் போடுங்கள். கழுத்துக்குப் பின்னால் இரு தோளிலும் படுமாறு வையுங்கள். லயத்து வாசற்படி உயரமுள்ள ஒன்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்காலின் மேற்பாதத்தைப் படியில் வைத்து, முன்காலை ஒரு நீளமான அடி முன்னே ஊன்றுங்கள். நேராக இறங்கிப் பின்முழங்கால் நிலத்தைத் தொடப்போகும் இடத்தில் ஒரு கணம் நின்று, முன்பாதம் முழுவதையும் அழுத்தி எழும்புங்கள். முன்முழங்கால் உள்பக்கம் சரியக்கூடாது. கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே அதுவும் போகவேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒருவர் இதைச் செய்யும்போது, பின்கால் தாங்கும் சிறு பங்கைக் கழித்தாலும், முன்காலுக்கு வரும் சுமை இரு காலில் நின்று 60 கிலோவுக்கு மேல் தோளில் ஏற்றிக் குந்தி எழும்புவதற்குச் சமம். தோட்டத்தில் வைத்துச் செய்யக்கூடிய வலிமைப் பயிற்சிகளில் ஒன்றை மட்டும் தெரிவு செய்யச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். காலுக்கு ஆறு தடவை வீதம் மூன்று சுற்று, சுற்றுக்கு இடையில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு, வாரத்துக்கு இரண்டு நாள். எட்டுத் தடவை சுலபமாகிவிட்டால் இரண்டு கிலோ மணல் சேருங்கள். இதோடு மல்லாந்து படுத்து, ஒரு குதிகாலைப் படியில் ஊன்றி இடுப்பைத் தூக்கும் பயிற்சியையும் சேர்த்தால், பின்தொடையும் இடுப்பும் விடுபடாது.

குதிகாலை உயர்த்தி உயர்த்தி ஆடுசதையைப் பெருக்குவதுதான் எம்பலின் இரகசியம் என்ற நம்பிக்கை மிகப் பரவலானது. லுஹ்தானென், கோமி என்ற இரு ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 1978 இல் கிளம்பும் வேகத்தில் ஒவ்வொரு உறுப்பின் பங்கையும் அளந்தார்கள். முழங்காலை நீட்டுவதன் பங்கு 56 சதவீதம், கணுக்காலின் பங்கு 22, உடம்பை நிமிர்த்துவது 10, கைவீச்சு 10, மீதி தலையசைவு. ஆடுசதையை விட்டுவிட வேண்டாம், அதை முதன்மையாக்கவும் வேண்டாம் என்றே இந்த எண்கள் சொல்கின்றன. கைவீச்சின் பங்கைத்தான் நம் பிள்ளைகள் வீணாக்குகிறார்கள். வலைக்கு முன்னால் கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு எம்புகிறவர், காசோ பாரமோ தேவைப்படாத ஒரு பத்து சதவீதத்தைக் கைவிடுகிறார். குந்தும்போது இரு கையும் பின்னால் போய், எழும்பும்போது முன்னால் வீசி மேலே வரும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே பழக்கிவிடுங்கள். முன்பாதப் பக்கம் மட்டும் அடி தடித்த சப்பாத்துகள், கணுக்காலில் கட்டும் பாரப்பட்டிகள் ஆகியவற்றை வாங்க வேண்டாம். பாரப்பட்டி எம்பலை மெதுவாக்குகிறது, வேகமாக்கிப் பழக்க வேண்டிய இடத்தில் மந்தத்தைப் பழக்குகிறது.

இனித் துள்ளல். இதில் தெரிவு செய்யும் ஒழுங்கு முக்கியம்: முதலில் இறங்கப் பழகவேண்டும், பிறகுதான் எம்ப. 1996 இல் ஹியூவெட்டும் குழுவினரும் அமெரிக்க உயர்நிலைப் பாடசாலையொன்றின் கரப்பந்தாட்டப் பெண்பிள்ளைகளுக்கு ஆறு வாரம், சரியாக இறங்குவதை முன்வைத்த துள்ளல் பயிற்சி கொடுத்தார்கள். இறங்கும்போது நிலம் தரும் அதிர்ச்சி 22 சதவீதம் குறைந்தது. எம்பலும் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடியது. முழங்காலின் உள்தசைநார் கிழியும் ஆபத்து பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்குக் கூடுதல் என்பதால், வலைப்பந்தாட்ட அணியைப் பழக்கும் ஆசிரியைகளுக்கு இந்த ஆய்வு இரட்டிப்புப் பயன் தரும். 20 சென்டிமீற்றர் உயரப் படியிலிருந்து இறங்கி, சத்தமில்லாமல், இரு முழங்காலும் பாதத்துக்கு நேராக நிற்க மூன்று செக்கன் அசையாமல் இருக்க வேண்டும். காதால் கேட்டே ஆசிரியை திருத்தலாம்: பொத்தென்று சத்தம் வந்தால் இறங்கியது சரியில்லை. மூன்று வாரம் இதை ஒழுங்காகச் செய்தவர்களே அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடுத்த கட்டத்தில் சரிவான நிலம் நமக்கு வரமாகிறது. மேட்டை நோக்கித் துள்ளும்போது இறங்கும் இடம் கிளம்பிய இடத்தைவிட உயரத்தில் இருக்கிறது. ஆகவே விழும் தூரமும் முழங்காலுக்கு வரும் அதிர்ச்சியும் குறைவு, தள்ளும் வேலை மட்டும் முழுதாக இருக்கிறது. புல் உள்ள, கல் இல்லாத ஒரு மென்சரிவில் இரு காலாலும் ஐந்து துள்ளல், மெதுவாக நடந்து இறங்குதல், ஒரு நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு, மீண்டும். இப்படி நாளொன்றுக்கு நாற்பது முதல் அறுபது துள்ளல் ஆரம்பத்துக்குத் தாராளம். பள்ளத்தை நோக்கி ஒருபோதும் துள்ளக்கூடாது. அங்கே கணக்கு தலைகீழாகிறது. உயரம் பாய்தலுக்குப் போகிறவர்கள் ஒற்றைக்காலில் கிளம்பும் துள்ளல்களைக் கூட்டவேண்டும், ஏனென்றால் அந்தப் போட்டியில் ஒரு காலால் மட்டுமே கிளம்பலாம் என்பது விதி. 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தை வென்ற யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் ஒற்றைக்காலால் கிளம்பியே அந்த உயரத்தை எட்டினார். கரப்பந்தாட்டத்தில் ஓடிவந்து அடிக்கிறவருக்கும், புளொக் போட நின்ற இடத்தில் எம்புகிறவருக்கும் பெரும்பாலும் இரு காலும் சேர்ந்தே வேலை. எந்த ஆட்டத்துக்கு எம்புகிறீர்களோ அந்த ஆட்டத்தின் கிளம்பலையே பழகுங்கள்.

உயரத்திலிருந்து குதித்து, நிலம் தொட்டவுடனே மீண்டும் எம்பும் பயிற்சியைச் சோவியத் பயிற்சியாளர் வெர்கொஷான்ஸ்கி 1960களில் வளர்த்தெடுத்தார். பலன் தரும் பயிற்சி, ஆனால் கடைசியில் வரவேண்டியது. பதினைந்து வயதுப் பிள்ளையைத் தகரக் கூரை உயரத்திலிருந்து குதிக்கச் சொல்வது பயிற்சியல்ல. 30 சென்டிமீற்றருக்கு மேல் போகாமல், ஒரு நாளைக்கு இருபது தடவைக்கு மேல் போகாமல், குறைந்தது ஆறு வாரம் வலிமைப் பயிற்சி செய்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

யாருக்கு வலிமை குறைவு, யாருக்கு வேகம் குறைவு என்று எப்படி அறிவது? சுவரும் சுண்ணாம்பும் போதும். பக்கவாட்டாக நின்று, குதிகால் நிலத்தில் பதிய, சுண்ணாம்பு தொட்ட விரலால் எட்டிய இடத்தைக் குறியுங்கள்; எம்பித் தொட்ட இடத்தைக் குறியுங்கள்; இடைவெளிதான் எம்பல். மூன்று தடவையில் சிறந்ததை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்லோமோஷன் வசதியுள்ள தொலைபேசி இருந்தால் இன்னும் நுணுக்கமாக அளக்கலாம்: பாதம் காற்றில் இருந்த நேரத்தைச் செக்கனில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 1.226 ஆல் பெருக்கினால் உயரம் மீற்றரில் வரும். செக்கனுக்கு 240 படம் பிடிக்கும் தொலைபேசியில் 144 படம் காற்றில் இருந்தால் 0.6 செக்கன், அதாவது 44 சென்டிமீற்றர். இந்த முறையில் முழங்காலை மடித்துக்கொண்டு இறங்கினால் கணக்குப் பொய்யாகும். தொலைபேசியால், கையை இடுப்பில் வைத்து இரண்டு விதமாக எம்பச் சொல்லி அளந்து பாருங்கள்: ஒன்று, குந்திய நிலையில் மூன்று செக்கன் அசையாமல் நின்று எம்புவது; மற்றது, நின்ற நிலையிலிருந்து சட்டென்று குந்தி உடனே எம்புவது. இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம் என்றால், குந்தலின் விசையைப் பயன்படுத்தத் தெரியவில்லை; துள்ளலைக் கூட்டுங்கள். முதலாவது மிகவும் தாழ்ந்திருந்தால் மணற்சாக்கைக் கூட்டுங்கள். இது தோராயமான சுட்டிதான், ஆனால் எல்லாருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுப்பதைவிடப் பலமடங்கு மேல்.

பாரம் தூக்கினால் பிள்ளை வளராது என்ற அச்சம் பெற்றோரிடம் உண்டு. முறையான கண்காணிப்போடு செய்யும் வலிமைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாகச் சான்று இல்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகமும் அதே நிலைப்பாட்டில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளின் உயரத்தைக் குறைப்பது வேறொன்று. 2016 இல் நாடளாவ நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதம், தோட்டப் பகுதியில் 32 சதவீதம். இது பிள்ளைகளின் குற்றமல்ல, தட்டில் விழாத உணவின் கணக்கு. காலையில் வெறும் தேநீரோடு வந்த பிள்ளையைத் துள்ள வைக்காதீர்கள். கௌப்பியோ கடலையோ அவித்துக் கொடுக்க வழி செய்துவிட்டு, அதன் பிறகு சாக்கைத் தூக்கச் சொல்லுங்கள். முட்டையும் நெத்தலியும் கிடைக்கிற நாளில் அவற்றைப் பயிற்சி நாளுக்கென்று ஒதுக்குங்கள்.

உயரம் இல்லாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. 208 சென்டிமீற்றர் உயரமுள்ள தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தில் இலங்கைக்குச் செய்ததை எல்லாராலும் செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் எட்டும் உயரம் என்பது நின்று எட்டுவதும் எம்புவதும் சேர்ந்த தொகை. 152 சென்டிமீற்றர் உயரமுள்ள பெண்பிள்ளை கையைத் தூக்கினால் ஏறக்குறைய 198 சென்டிமீற்றர் எட்டுவாள். பெண்களுக்கான கரப்பந்தாட்ட வலையின் உயரம் 224 சென்டிமீற்றர். வலையின் மேல்விளிம்பைத் தொடவே அவளுக்கு 26 சென்டிமீற்றர் எம்பல் வேண்டும். உயரமானவளுக்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை. ஆகவே எம்பலில் கூடும் மூன்று சென்டிமீற்றரின் பெறுமதி, வலை விளிம்பில் நின்று தடுமாறுகிறவளுக்குத்தான் மிகக் கூடுதல்.

முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முண்டில் வலி என்று பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னால் துள்ளலை நிறுத்துங்கள். வளரும் எலும்பில் தசைநார் இழுக்கும் வலி அது, ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தணியும். தணியாவிட்டால் பதுளை வைத்தியசாலைக்குக் காட்டுங்கள். கால்களை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் நீட்சிப் பயிற்சி எம்பலைச் சற்றுக் குறைப்பதால், அதைப் பயிற்சிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் மெதுவோட்டமும் சில இலேசான துள்ளலும் போதும். வடகீழ்ப் பருவமழையில் சரிவு வழுக்கும் மாதங்களில் துள்ளலைக் குறைத்து, பாடசாலை மண்டபத்தில் சாக்குப் பயிற்சியைக் கூட்டலாம். ஊவாவில் வெயிலும் காற்றும் அடிக்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்கள் துள்ளலுக்கு உகந்தவை. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு எம்பலையும் முழு வேகத்தில் வைத்திருங்கள். கடைசி மூன்று நாளும் சாக்கைத் தொட வேண்டாம். போட்டிக்கு முதல் நாள் மாலையில் ஐந்தாறு எம்பல், கைவீச்சோடு, முழு ஓய்வு விட்டு விட்டு; அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.